களம் நீங்கியபின் நிற்கும் பெயர்

சங்கப் புலவர்கள் போர்க்களத்தைப் பாடிய அளவுக்கு ஆடுகளத்தைப் பாடவில்லை. பாடிய சிலவற்றுள் ஆமூர் மற்போர் தனித்து நிற்கின்றது. சோழன் தித்தனின் மகன், தந்தையோடு மாறுபட்டு வேற்றூரில் தங்கியிருந்த காலத்தில், முக்காவல் நாட்டு ஆமூரில் வலிமை மிக்க மல்லன் ஒருவனோடு பொருது அவனை வீழ்த்தினான் என்பர். சாத்தந்தையார் இவ்வெற்றியை மூன்று பாட்டுகளில் பாடினார். புறநானூற்றில் அவை 80 முதல் 82 வரையுள்ள பாட்டுகள். அடுத்த மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. வென்ற வீரன்மேல் அவர் கொண்ட காதலைச் சொல்பவை.

இந்த ஆறு பாட்டுகளையும் ஒருமுறை மீண்டும் படித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். மற்போரின் வேகம் இருக்கின்றது. மல்லனை மடக்கிய பிடி இருக்கின்றது. தித்தன் பெயரும் இருக்கின்றது. வென்றவன் பெயர் மட்டும் இல்லை. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் பெயரைத் தருவது பாட்டு அன்று. பாட்டின் அடியில் தொகுத்தவர் எழுதி வைத்த குறிப்பேயாகும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சேற்றியபோது அக்குறிப்புகளும் சேர்ந்து கிடைத்தன. அவை ஏட்டில் அழிந்திருந்தால், யாரோ ஒருவன் யாரோ ஒரு மல்லனை வென்றான் என்ற அளவிலேயே செய்தி நின்றிருக்கும். தோற்ற மல்லனுக்கு ஊர்ப்பெயர்தான் எஞ்சியது. அவனும் தன் காலத்தில் பெரிய வீரனாக இருந்திருத்தல் வேண்டும். இல்லையேல் அவனை வென்றதைப் பாட இரு புலவர் எழார்.

ஆகவே ஒரு வீரன் களத்தை விட்டு நீங்கிய பிறகு அவன் புகழ் நிலைபெறுவதற்கு இரண்டு பணிகள் தேவைப்படுகின்றன. செயலைச் சொல்வது ஒன்று; பெயரைக் காப்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். ஒன்றல்ல என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கின் விளையாட்டு வரலாறே போதிய சான்றாகும்.

வழக்காடும் இரு கட்சி

பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடைகளிலும் கிள்ளான் கடைத்தெருவிலும் காற்பந்துப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு பழைய வழக்கு மீண்டும் தலைதூக்கும். மலேசியக் காற்பந்தின் பொற்காலத்தார் யாவர்? 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கிற்குச் சென்றவர்களா, 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றும் செல்லாதவர்களா? முதியோர் முதற்கட்சியில் நிற்பர். நடுவயதினர் இரண்டாங் கட்சியில் நிற்பர். இளைஞர்கள் சற்று நேரம் கேட்டுவிட்டு ஐரோப்பியக் குழுக்களைப் பற்றிப் பேசத் தொடங்குவர்.

முதற்கட்சியின் வாதம் வலுவானது. மலேசியா 1971-இல் சியோல் நகரில் தென்கொரியாவை 1-0 என்று வென்று ஒலிம்பிக் தகுதி பெற்றது. மியூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடம் 0-3 எனத் தோற்றாலும், அமெரிக்காவை 3-0 என வென்றது. மொரோக்கோவிடம் 0-6 எனத் தோற்று நாடு திரும்பியது. அக்குழுவில் எம். சந்திரன், வி. கிருஷ்ணசாமி ஆகியோர் இடம்பெற்றிருந்தனர். சந்திரன் பின்னர் 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் குழுத் தலைவராக இருந்தார். வடகொரியாவை 2-1 என வென்று மலேசியா வெண்கலப் பதக்கம் பெற்றது அப்போதுதான். இத்தகைய வரலாறு உடையவர்களை விட்டு, ஒலிம்பிக் மண்ணை மிதிக்காதவர்களைப் புகழ்வது முறையோ என்பது அவர்கள் கேள்வி.

இரண்டாங் கட்சியோ 1980 ஏப்ரல் மாதத்து ஓர் இரவைக் காட்டும். மெர்டேக்கா அரங்கம் நிரம்பி வழிந்தது. தென்கொரியாவுக்கு எதிரான முடிவாட்டத்தில் ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் வலைக்குள் செலுத்த, மலேசியா 2-1 என வென்றது. கோல் கம்பங்களுக்கிடையே நின்றவர் ஆர். ஆறுமுகம். தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்றனர். தமிழர், சீனர், சீக்கியர், மலாய்க்காரர், சபா மாநிலத்தவர் என எல்லாரும் ஒரே சீருடையில் நின்ற குழு அது. ஆயின் சோவியத் படைகள் 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்து மலேசியா மாஸ்கோ போட்டியைப் புறக்கணித்தது. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. வென்றவர் வீட்டில் இருந்தனர்.

பதக்கமும் பங்கேற்பும்தான் புகழின் அளவுகோல் என்றால் முதற்கட்சியே வெல்லவேண்டும். நடந்ததோ வேறு. 1972 குழுவினரை மலேசிய ஒலிம்பிக் மன்றம் 2004-இல் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்தது. அது மதிப்புக்குரிய சிறப்பே. ஆயினும் பொதுமக்கள் மனத்தில் இன்று கிளர்ந்து நிற்பது 1980-தான். காரணம், 2016-இல் சியூ கெங் குவான் இயக்கத்தில் ‘ஓலா போலா’ என்னும் திரைப்படம் வெளிவந்தது. அந்த ஒரு படம், மெர்டேக்கா அரங்கத்தை நேரில் கண்டிராத தலைமுறையைத் திரையரங்குகளில் எழுந்து நின்று கைதட்டச் செய்தது. அடையாத ஒலிம்பிக், அடைந்த ஒலிம்பிக்கை மறைத்துவிட்டது.

அகமும் புறமும்

இங்கேதான் தமிழாசிரியர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அந்தப் படத்தில் கோல் காவலர் ஒரு தமிழ் இளைஞர். அவர் பெயர் முத்து. ஆறுமுகத்தை நினைந்தே அந்தப் பாத்திரம் அமைக்கப்பட்டது என்பதை அறிந்தவர் அறிவர். ஆனால் ஆறுமுகம் என்ற பெயர் படத்தில் இல்லை. சோ சின் ஆன், சந்தோக் சிங் என்ற பெயர்களும் இல்லை. கதைக்காகப் பெயர்களும் நிகழ்ச்சிகளும் மாற்றப்பட்டன. இதனைக் குறையாகச் சொல்வதற்கில்லை. கலைஞனுக்கு அவ்வுரிமை உண்டு. நம் இலக்கண மரபே அதனை ஒப்புகின்றது. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிக் கூறுதல் கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. முல்லைக்கலியில் எத்தனை எத்தனை ஆயர் ஏறு தழுவுகின்றனர்! கொம்பில் குத்துண்டு குருதி சிந்துவோரும் உளர். திமிலைப் பற்றி வெல்வோரும் உளர். ஒருவர்க்கேனும் பெயர் இல்லை. நிறமும் வடிவும் சொல்லி வேறுபடுத்திக் காட்டப்பெறும் காளைகள் அந்த வகையில் மனிதரைவிடக் கொடுத்துவைத்தவை.

‘ஓலா போலா’ அகத்திணைப் படைப்பு. உணர்ச்சியைப் பொதுமையாக்குவது அதன் தொழில். அத்தொழிலைச் செவ்வனே செய்தது. ஆனால் விளையாட்டு வீரனின் புகழ் புறத்திணையைச் சேர்ந்தது. அதற்குப் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், இன்ன ஆண்டு இன்ன களம் என்னும் குறிப்பு வேண்டும். படம் பாட்டாக அமைந்துவிட்டது. பாட்டின் அடியில் எழுதவேண்டிய குறிப்பை யார் எழுதுவது என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி.

ஆறுமுகம் 1970-களில் சிலாங்கூர் மாநிலத்துக்கும் நாட்டுக்கும் காவல் நின்றவர். நீண்ட கைகளும் பாய்ந்து பந்தைப் பற்றும் திறனும் கண்டு ‘ஸ்பைடர்மேன்’ என மக்கள் அவரை அழைத்தனர். அவருக்கு முன்னும் பின்னும் நல்ல கோல் காவலர் பலர் இருந்தனர். பட்டப்பெயர் நிலைத்தது இவருக்குத்தான். அந்தப் பத்தாண்டில் சிலாங்கூர் ஏழு முறை மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1977-இல் கோலாலம்பூரிலும் 1979-இல் ஜாகர்த்தாவிலும் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் நாடு காற்பந்தில் தங்கம் பெற்றது. 1988 டிசம்பர் 18-ஆம் நாள் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். அகவை 35.

அவர் ஆடிய காலம் ஊதியம் இல்லாத காலம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அரைத்தொழில்முறைக் காற்பந்து மலேசியாவில் 1989-இல்தான் வந்தது. முழுத் தொழில்முறை 1994-இல் வந்தது. அதற்கு முன் ஆடியோர் வங்கியிலோ, மின்வாரியத்திலோ, காவல்துறையிலோ, இரயில்வேயிலோ வேலை பார்த்துக்கொண்டு, மாலையில் பயிற்சிக்குச் சென்றவர்கள். களம் நீங்கிய பிறகு அவர்களுக்குச் சேமிப்பாக நின்றது பெரும்பாலும் பெயர் ஒன்றே. முன்னாள் நாட்டு வீரர்களில் நோயாலும் வறுமையாலும் தளர்ந்தோருக்கு உதவ, யாகெப் என்னும் தேசிய விளையாட்டாளர் நல அறநிறுவனம் அமைக்கப்பட்டது. அத்தகைய ஓர் அமைப்புத் தேவைப்பட்டது என்பதே அந்தத் தலைமுறையின் நிலையைக் காட்டும்.

இளமையில் மறைந்தோர்

இளமையில் இறந்தவர் என்றும் இளையராகவே நினைக்கப்படுவர். ஆகவே அவர் புகழ் மங்குவதில்லை என்று ஒரு கருத்து உண்டு. மொக்தார் டஹாரியை அதற்குச் சான்றாகக் காட்டுவர். செத்தாப்பாக்கில் 1953-இல் பிறந்து, ‘சூப்பர்மோக்’ எனப் போற்றப்பெற்று, 1991 ஜூலை 11-ஆம் நாள் 37 அகவையில் நரம்பணு நோயால் மறைந்தவர் அவர். 1975 மே மாதத்தில் மெர்டேக்கா அரங்கத்தில் இங்கிலாந்தின் ஆர்சனல் குழுவை 2-0 எனத் தோற்கடித்த ஆட்டத்தில் இரு கோல்களையும் அடித்தவர். 1978-இல் இங்கிலாந்து ‘பி’ குழுவுக்கு எதிராகத் தனியே பந்தைக் கொண்டுசென்று அவர் அடித்த கோலை இன்றும் கைவீசிக் கண்முன் நிறுத்துவோர் உளர். அவர் நோயின் உண்மைப் பெயர் நெடுங்காலம் மறைக்கப்பட்டிருந்தது. 2010-இல் வெளிவந்த ஆவணப்படம் ஒன்றே அதனை வெளிப்படுத்தியது. நாட்டின் காற்பந்துக் கழகப்பள்ளி ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இவர் கோல்களைப் பற்றியும் நெடிய வழக்கு உண்டு. நாட்டுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல் என்பது இன்று ஏற்கப்பட்டுள்ள கணக்கு. வெளிநாட்டுக் கழகங்களுக்கும் தேர்வுக் குழுக்களுக்கும் எதிரான ஆட்டங்களைச் சேர்த்தால் அத்தொகை பெருகும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என ஆய்வார்வம் உடையோர் பழைய செய்தித்தாள்களைப் புரட்டித் தேடி எண்ணினர். அந்த வழக்கே அவர் பெயருக்குப் பாதுகாப்பாயிற்று. ஒருவரைப் பற்றி வாதாடும் வரையில் அவர் மறக்கப்படுவதில்லை.

ஆனால் இளமையிலே மறைதல்தான் காரணம் என்றால் ஆறுமுகத்துக்கும் அதே அளவு நினைவு கிடைத்திருத்தல் வேண்டும். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர். ஒரே மாநிலத்துக்கு ஆடியவர். நாற்பது அகவை காணாமல் மறைந்தவர். ஒருவர்க்கு ஆவணப்படமும் கல்விக்கூடமும் கணக்காய்வும் உண்டு. மற்றவர்க்கு வேறு பெயரில் ஒரு திரைப்பாத்திரம் உண்டு. முன்கள ஆட்டக்காரரின் கோல்களை எண்ணலாம்; கோல் காவலர் தடுத்தவற்றை யார் எண்ணினார்? இது ஒரு காரணம். மற்றொரு காரணம், ஆறுமுகத்தைத் தம்மவர் எனப் பெருமையோடு சொல்லிக்கொண்ட தமிழ்ச் சமுதாயம் அவரைப் பற்றி எழுதி வைத்தது மிகக் குறைவு. பேச்சில் அவர் இருந்தார், ஏட்டில் இடம்பெறவில்லை.

நெடுங்காலம் நின்ற எண்

எண்ணின் வலிமைக்கு எம். ஜெகதீசன் சிறந்த எடுத்துக்காட்டு. 1960-இல் தம் பதினாறாம் அகவையில் ரோம் ஒலிம்பிக்கில் ஓடியவர். 1962-இல் ஜாகர்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம். 1966-இல் பாங்காக்கில் மூன்று தங்கம். மருத்துவம் பயின்றுகொண்டே ஓடியதால் ‘பறக்கும் டாக்டர்’ என்று பெயர் பெற்றார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கின் 200 மீட்டர் அரையிறுதியில் 20.92 விநாடியில் ஓடினார். அந்த நேரம் 49 ஆண்டுகள் நாட்டின் சாதனையாக நின்றது. 2017-இல்தான் கைருல் ஹாபிஸ் ஜந்தான் அதனைக் கடந்தார். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எந்த இளைஞர் 200 மீட்டர் ஓடினாலும் மறுநாள் செய்தித்தாளில் ஜெகதீசன் பெயர் வந்தது. ஓடாமலே அவர் ஒவ்வொரு போட்டியிலும் ஓடிக்கொண்டிருந்தார் எனலாம்.

அவரோடு ஒரே காலத்தில் ஓடிய எம். இராஜாமணி 1966-இல் பாங்காக்கில் பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றார். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது தொடங்கிய அந்த ஆண்டிலேயே அதனைப் பெற்றார். தமிழ்ப் பெண்கள் குட்டைக் காற்சட்டை அணிந்து ஓடுவதை வீட்டார் ஒப்பாத காலம் அது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆயினும் அவர் பெயரை அறிந்த மாணவர் இன்று எத்தனை பேர்? விருதுப் பட்டியலின் முதல் வரியில் இருப்பதால்தான் அப்பெயர் முற்றும் மறையாமல் நிற்கின்றது.

ஹாக்கியின் நிலை இன்னும் வியப்புக்குரியது. 1975-இல் உலகக் கிண்ணப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. என். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய மலேசியா, அப்போதைய உலக வெற்றியாளரான நெதர்லாந்தை 2-1 எனக் கீலாட் மன்றத் திடலில் வென்றது. அரையிறுதியில் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 2-3 எனத் தோற்று, நான்காம் இடம் பெற்றது. அதற்கு முன்னும் பின்னும் உலகக் கிண்ண ஹாக்கியில் மலேசியா அந்த உயரத்தை எட்டியதில்லை. காற்பந்துக்குக் கிடைத்தது போல் ஒரு ‘ஓலா போலா’ ஹாக்கிக்குக் கிடைத்திருக்குமானால் சண்முகநாதன் குழுவினர் பெயர் வீட்டுக்கு வீடு ஒலித்திருக்கும். செயலின் பெருமையிற் குறைவில்லை. சொல்வார் இல்லாமையே குறை.

சொல்வோர் யார்?

அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்று இதனைத் தெளிவாக்கும். வேல்ஸ் நாட்டார் ரக்பி ஆட்டத்தின்மேல் உயிரை வைத்தவர்கள். பேரி ஜான் என்பவர் 1971-இல் நியூசிலாந்துச் சுற்றுப்பயணத்தில் ‘மன்னர்’ என்னும் பட்டம் பெற்று, மறு ஆண்டே 27 அகவையில் ஆட்டத்தை விட்டார். அவருடைய தோழர் கேரத் எட்வர்ட்ஸ் 1967 முதல் 1978 வரை வேல்ஸ் நாட்டுக்காகத் தொடர்ந்து 53 ஆட்டங்கள் ஆடினார். ஒருவர் விரைவில் விலகினார். ஒருவர் நீடித்து நின்றார். எவர் பெரியவர் என்ற வழக்கு அந்நாட்டில் ஓய்ந்தபாடில்லை. 2024-இல் பேரி ஜான் இறந்தபோதும் அது மீண்டும் எழுந்தது. ஆண்டுக்கணக்கு புகழை அளக்கும் கோல் அன்று என்பது இதனால் பெறப்படும்.

எட்வர்ட்ஸ் 1973 ஜனவரியில் பார்பேரியன்ஸ் குழுவுக்காக நியூசிலாந்துக்கு எதிராகப் பெற்ற புள்ளியை ரக்பி உலகம் இன்றும் பேசுகின்றது. அது நிலைத்ததில் பாதிப் பங்கு அன்று நேர்முக வருணனை செய்தவருக்கு உரியது. வழக்கமான வருணனையாளர் நோயுற்றமையால் அவரிடத்தில் அமர்ந்த கிளிஃப் மார்கன், தாமே 1950-களில் வேல்ஸ் நாட்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரராக விளங்கியவர். பழைய வீரர் ஒருவர் புதிய வீரரின் செயலைக் குரலில் வடித்தார். படத்தைப் பார்க்காதவரும் அக்குரலைக் கேட்டால் காட்சியைக் காண்பர். அவ்வருணனையில் எட்வர்ட்ஸ் பெயர் முழங்குகின்றது என்பது கருதத்தக்கது. செயலும் பெயரும் பிரியாமல் கட்டப்பட்டுவிட்டன. நக்கண்ணையாரும் ஏடு தொகுத்தவரும் ஒருவராகவே வந்ததுபோல!

ரக்பி நம் மண்ணுக்குப் புதிதன்று. மலாயா என்னும் பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1921-இல் இங்கு வந்து சென்றபின், அதன் அதிகாரிகள் இரண்டு கிண்ணங்களை அன்பளிப்பாக அளித்தனர். ஒன்று காற்பந்துக்கு, மற்றொன்று ரக்பிக்கு. காற்பந்துக் கிண்ணத்தின் முதல் இறுதியாட்டம் அதே ஆண்டில் சிலாங்கூர் மன்றத்தின் முன்னுள்ள திடலில் நடந்தது. சிங்கப்பூர் சிலாங்கூரை 2-1 என வென்றது. அத்திடலே இன்றைய மெர்டேக்கா சதுக்கம். ரக்பி வெள்ளைத் துரைமார்களின் மன்றங்களிலும் ஆங்கிலப் பள்ளிகளிலும் படையினரிடத்தும் தங்கிவிட்டது. தோட்டத் தமிழர் தழுவிக்கொண்டது காற்பந்தை. ஒரு பந்தும் இரு சோடிக் கம்பங்களும் போதும், காலணியும் தேவையில்லை. பால் நிறுத்துக் கொடுத்த பிறகு மாலையில் லயத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் திடலில் ஒன்றாக இறங்கினர். தோட்டத்துக்குத் தோட்டம் குழு இருந்தது. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் கிண்ணப்போட்டி இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே ஊழியர் குடியிருப்பை ஒட்டியும் இவ்வாறே ஆட்டம் வளர்ந்தது.

அவர்களுள் எத்தனை ஆறுமுகங்கள் இருந்தனர் என்பதை யார் அறிவார்? அவர்களைப் பற்றி எழுதிய ஒரே புலவர் செய்தித்தாள்தான். 1924-இல் கோலாலம்பூரில் தோன்றிய ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்கள் பல தலைமுறை வாழ்வைத் தம் பக்கங்களில் பதிந்து வைத்தன. ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுவிட்டது. அத்தகைய இதழ்களின் பழைய கட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, விளையாட்டுச் செய்திகளை மட்டும் தொகுத்து வெளியிடும் பணி, ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்குத் தக்க ஆய்வுப்பொருளாகும். சங்க இலக்கியத்தில் உவமை நயம் காண நூறு ஆய்வேடுகள் உள்ளன. நூற்றொன்றாவது சற்றுப் பொறுக்கலாம்.

வீரன் தானே ஆசிரியனாகித் தன் பெயரை நிலைநிறுத்துவதும் உண்டு. கே. இராஜகோபால் 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் நாட்டுக்கு ஆடியவர். அவரைப் பயிற்றுநராகக் கொண்ட மலேசியா 2009-இல் லாவோஸ் நாட்டின் வியந்தியானில் தென்கிழக்காசியத் தங்கத்தை இருபதாண்டுகளுக்குப் பின் மீட்டது. 2010-இல் இறுதியாட்டங்கள் இரண்டிலுமாக இந்தோனேசியாவை 4-2 என வென்று ஆசியான் வட்டாரக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. அவரை ஆட்டக்காரராகக் கண்டிராத பிள்ளைகள் அவரைப் பயிற்றுநராக அறிவர். இது பேறுபெற்ற வழி; ஆயினும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

நினைவுக் கல் நாட்டும் மரபு நமக்குப் புதிதன்று. ஆநிரை மீட்டு மாண்ட மறவர்க்கும் புலியோடு பொருது வீழ்ந்தவர்க்கும் கல் எடுத்து, பெயரும் பீடும் எழுதினர். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டையிட்ட சேவல் ஒன்றுக்கே நடுகல் உண்டு. பழங்காலத் தமிழெழுத்தில் அச்சேவல் எந்த ஊரின் எந்தச் சேரியைச் சேர்ந்தது என்றுகூட வெட்டி வைத்திருக்கின்றனர். கோழிக்கும் முகவரி எழுதிய மக்கள், தம் கோல் காவலர்க்கு அதைச் செய்யாது விட்டது சற்று வேடிக்கையே.

இன்று தோட்டங்களே மறைந்துகொண்டு வருகின்றன. சீபீல்ட் தோட்ட நிலத்தில் 1970-களின் நடுவில் சுபாங் ஜெயா எழத் தொடங்கியது. பிராங் பெசார் தோட்டம் 1995-க்குப் பின் புத்ராஜெயா ஆயிற்று. புக்கிட் ஜாலில் தோட்டம் இருந்த பகுதியில் தேசிய அரங்கம் கட்டப்பட்டு 1998-இல் திறக்கப்பெற்றது. அவ்வாண்டு நடந்த காமன்வெல்த் விளையாட்டில் 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் தங்கம் வென்றவர் கோவிந்தசாமி சரவணன் என்னும் தமிழர். அவர் பெயர் பதிவேட்டில் உள்ளது. அதே மண்ணில், இரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு திடலில், பல்லாண்டுகளுக்கு முன் வெறுங்காலோடு ஆடிய தோட்டத்துக் குழுவின் பெயர்ப்பட்டியல் சிலர் நினைவில் மட்டும் இருக்கும். அவர்கள் இன்று அடுக்குமாடி வீடுகளில் வாழும் முதியோர். தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் தன் தாத்தாவிடமும் அவர் தோழரிடமும் கேட்டு எழுதினால் ஐந்து செய்திகள் கிடைக்கும்: பெயர், தந்தை பெயர், தோட்டம், ஆண்டு, ஆடிய இடம். புறநானூற்றுத் தொகுப்பாளரும் ஏறத்தாழ இவ்வளவே எழுதினார்.